கருங்கல் நாட்டில் நிலநடுக்கம்



2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், எட்டு மணிக்குச் சற்று முன்பாகச் சேலம், தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்களில் நிலம் சில வினாடிகள் அதிர்ந்தது. அடுக்கி வைத்த பாத்திரங்கள் கலகலத்தன. மக்கள் வீட்டை விட்டு வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றனர். கல் குவாரியில் வெடி வைத்திருப்பார்கள் என்று முதலில் எண்ணியவர்கள் உண்டு. நம் பக்கத்தில் அவ்வாறு எண்ணுவது இயல்பே. பிறகுதான் அது 3.3 அளவுள்ள நிலநடுக்கம் என்ற செய்தி வந்தது. இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசினோம். மூன்றாம் நாள் மறந்துவிட்டோம்.

மறந்ததைக் குறை சொல்ல நான் வரவில்லை. சிறிய அதிர்ச்சியை எல்லாம் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தால் உழவும் நடவும் நடைபெறமாட்டா. ஆனால் அன்று பலர் வாயிலும் வந்த ஒரு சமாதானத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். "நம்முடையது கருங்கல் பூமி. கடப்பாரை போட்டால் தெறிக்கின்ற பாறை. இது எங்கே ஆடப் போகிறது?" என்பதே அந்தச் சமாதானம். பூகம்பம் என்றால் இமயமலை அடிவாரம், ஜப்பான், துருக்கி என்று தொலைவான இடங்களையே நினைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்த நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரம் இல்லாமல் இல்லை. தருமபுரி மாவட்டத்தைத் தாங்கி நிற்கும் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. அவற்றோடு ஒப்பிட்டால் இமயமலை நேற்று முளைத்த கன்று. இளைய மலை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் அங்கே அதிர்ச்சி அடிக்கடி வருகிறது. இங்கே அரிதாக வருகிறது. ஆயினும் அரிது என்பது வேறு, இல்லை என்பது வேறு. பழைய பாறையில் பழைய பிளவுகளும் இருக்கின்றன. இந்திய நிலப்பரப்பு முழுவதும் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவின்மேல் முட்டிக்கொண்டிருக்கிறது. பழைய மரப்பெட்டி ஒன்றைச் சுவரோடு சேர்த்துத் தள்ளிப் பாருங்கள். சுவரில் முட்டுகிற முனை மட்டுமா கிரீச்சிடுகிறது? மூட்டுத் தளர்ந்த இடம் ஒவ்வொன்றும் கிரீச்சிடும்.

நமக்குத் தென்மேற்கே உள்ள கோயம்புத்தூர்ப் பகுதியில் 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், விடிவதற்கு முன், ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் ஒன்று வந்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அதை உணர்ந்தார்கள். 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் தோன்றிய அதிர்ச்சி சென்னை வரை மக்களை வீதிக்கு விரட்டியது. 2002இல் இந்தியத் தரநிர்ணய அமைவனம் வெளியிட்ட வரைபடத்தில், தமிழ்நாட்டின் மேற்கு, வடக்குப் பகுதிகள் பலவும் நடுத்தரமான ஆபத்துடைய மூன்றாம் மண்டலத்தில் குறிக்கப்பட்டன. அச்சம் கொள்ளும் அளவுக்கு அன்று. அலட்சியம் கொள்ளும் அளவுக்கும் அன்று.

நம்மைப் போலவே "எங்கள் பூமி ஆடாது" என்று நம்பிய ஓர் உழவர் நாட்டின் கதையை இப்போது சொல்கிறேன். மராட்டிய மாநிலத்தில் லாத்தூர், உஸ்மானாபாத் என்று இரண்டு மாவட்டங்கள். இரண்டாவதற்கு இப்போது தாராசிவ் என்று பெயர். தக்காணப் பீடபூமியின் நடுவே, கரிசல் மண்ணும் அதன் அடியில் கருமையான எரிமலைப் பாறையுமாக விரிந்து கிடக்கும் நாடு. சோளமும் பயறும் விளைகிற புன்செய்ப் பூமி. மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போகும் மக்கள். பெயர்களை மாற்றிவிட்டால் அரூரையும் பென்னாகரத்தையும் பற்றிச் சொல்வதாகவே இருக்கும். அந்நாளைய வரைபடத்தில் அந்தப் பகுதி மிகக் குறைந்த ஆபத்துடைய முதலாம் மண்டலத்தில் இருந்தது. ஆகவே "ஆடாது" என்று நம்பியவர்கள் உழவர்கள் மட்டும் அல்லர். அறிஞர்களும் அவ்வாறே நம்பியிருந்தார்கள்.

1992ஆம் ஆண்டிலேயே கில்லாரி என்னும் ஊரைச் சுற்றிச் சிறுசிறு அதிர்ச்சிகள் பல வந்தன. பிறகு ஓய்ந்தன. மறு ஆண்டு, 1993 செப்டம்பர் 29ஆம் நாள், பிள்ளையார் உருவங்களை நீரில் கரைக்கும் விழா நாள். ஊர்வலமும் கொட்டு முழக்கமும் முடிந்து மக்கள் நேரம் கழித்து வீடு திரும்பிக் களைப்போடு உறங்கினார்கள். 30ஆம் நாள் விடியற்காலை நாலு மணிக்குச் சில நிமிடம் இருக்கையில் பூமி குலுங்கியது. அளவு 6.2. உலகக் கணக்கில் இது பெரிய பூகம்பம் அன்று, நடுத்தரமானதே. ஆனால் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் பிறந்தபடியால் அதிர்ச்சி நேராக வீட்டின் அடியில் வந்து மோதியது. பொழுது விடிந்தபோது கில்லாரி, சாஸ்தூர் முதலிய ஊர்கள் கற்குவியலாகக் கிடந்தன. இறந்தவர்கள் 8,000 முதல் 10,000 வரை என்று கணக்குகள் கூறுகின்றன.

இங்கே ஒரு கணக்கு. நிலநடுக்க அளவையில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது. அப்படிப் பார்த்தால், 2018இல் நம் பாத்திரங்களைக் கலகலக்கச் செய்த 3.3க்கும் கில்லாரியின் 6.2க்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு மடங்கு அன்று. இருபதாயிரம் மடங்குக்கும் மேல். "அன்று ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லி ஆறுதல் அடைகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த நாள்களில் நான் பணியாற்றிய கிராமப் பள்ளியில் பிள்ளைகள் ஐம்பது காசும் ஒரு ரூபாயுமாகச் சேர்த்து நிவாரண நிதிக்கு அனுப்பினார்கள். செய்தித்தாளில் வந்த படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இதெல்லாம் கல்வீடுதானே? குடிசை விழுந்தால் சரி. கல்வீடு எப்படி விழும்?" என்று கேட்டான். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களுள் ஒன்று, பிள்ளை கேட்கும் நல்ல கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லிவிடக்கூடாது என்பது. இந்தக் கேள்விக்கு உரிய விடையைத்தான் கில்லாரியைப் போய்ப் பார்த்த பொறியாளர்கள் பின்னர் விரிவாக எழுதினார்கள்.

விடை இதுதான். அங்கே விழுந்தவை பெரும்பாலும் கல்வீடுகளே. பல இடங்களில் ஏழைகளின் ஓலைக் குடிசைகள் நின்றன, அல்லது விழுந்தாலும் உள்ளே இருந்தவர்களைக் கொல்லவில்லை. வசதியுள்ள குடும்பங்கள் பாதுகாப்புக்காகவும் வெயிலுக்காகவும் இரண்டடி, மூன்றடிக் கனத்தில் எழுப்பிய சுவர்களே அந்தக் குடும்பங்களைப் புதைத்தன. மேலே மரத் தூலங்களும் பலகைகளும் பரப்பி, அவற்றின்மேல் ஓரடி, ஒன்றரையடி, சில வீடுகளில் இரண்டடி வரை மண் கொட்டியிருந்தார்கள். கோடையில் உள்ளே குளுமை. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒழுகல் அடைக்க இன்னும் ஒரு கூடை மண். பாட்டன் போட்ட மண்ணின்மேல் தகப்பன், தகப்பன் போட்டதன்மேல் மகன். பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள ஓர் அறையின்மேல் இரண்டடி மண் இருந்தால் அதன் பாரம் பத்து டன்னுக்கு மேல் வரும்.

சுவர் நின்றிருந்தால் அந்தப் பாரமும் நின்றிருக்கும். சுவர் ஏன் நிற்கவில்லை? நம் ஊர்க் கொத்தனார்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காட்டுக்கல்லை மண் சாந்தில் வைத்துக் கனத்த சுவர் எழுப்பும்போது, வெளிமுகத்துக்கு ஒரு வரிசை நல்ல கல், உள்முகத்துக்கு ஒரு வரிசை நல்ல கல், நடுவில் பொடிக்கல்லும் மண்ணும் என்று அடைப்பார்கள். பார்வைக்கு அது ஒரு சுவர். உண்மையில் அது முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும் இரண்டு மெல்லிய சுவர்கள், இடையே குப்பை. மேலிருந்து வரும் பாரத்தை அது நூறு ஆண்டு தாங்கும். ஆனால் பக்கவாட்டில் ஆட்டினால் நடுவில் உள்ள மண் பொடிந்து இறங்குகிறது. இரு முகமும் வயிறு பிதுங்கி ஒன்றை விட்டு ஒன்று விலகுகின்றன. வெளிமுகம் தெருவில் சரிகிறது, உள்முகம் உறங்குகிறவர்மேல் சரிகிறது, கூரை அதன்மேல் வருகிறது. ஆற்றிலும் வயலிலும் பொறுக்கிய உருண்டைக் கல்லாக இருந்தால் இன்னும் விரைவு. கில்லாரிப் பகுதியில் சில வீடுகளில் மரத்தூண்களும் உத்தரங்களும் நின்றன, சுவர் மட்டும் உதிர்ந்தது. மரம் மரத்தோடு கோக்கப்பட்டிருந்தது. கல் கல்லோடு கோக்கப்படவில்லை.

ஆகவே அந்த மாணவனுடைய கேள்வியில் இருந்த "கல்வீடு" என்னும் சொல்லைத்தான் நாம் திருத்திக்கொள்ள வேண்டும். வலிமை கல்லில் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள பிடிப்பில் இருக்கிறது. நாம் வாழும் தருமபுரிச் சீமை கல்லுக்குப் பெயர் போனது. வீரர்களுக்கு நம் முன்னோர் நட்ட நடுகற்கள் நூற்றுக்கணக்கில் இந்த மண்ணில் கிடைத்திருக்கின்றன. எத்தனையோ நடுகற்கள் ஆயிரம் ஆண்டு கடந்தும் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரே கல், மண்ணுக்குள் ஆழ நட்டது. வீட்டுச் சுவரோ ஆயிரம் கல்லின் கூட்டம். ஒற்றைக் கல்லுக்கு உள்ள பெருமையைக் கூட்டத்துக்கு இரவல் கொடுக்கலாகாது.

இப்போது உங்கள் ஊரை மனக்கண்ணால் ஒருமுறை சுற்றி வாருங்கள். பாலக்கோட்டுப் பக்கமானாலும் மொரப்பூர்ப் பக்கமானாலும் மண் சாந்தில் கல் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. மாட்டுக் கொட்டகை, களத்து மேட்டுத் தானிய அறை, காட்டுக்குள் இருக்கும் பம்புசெட்டு அறை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பேறு நமக்கு உண்டு: இங்கே பெரும்பாலும் நாட்டோடு அல்லது மங்களூர் ஓடு, கில்லாரியைப் போல இரண்டடி மண் இல்லை. சித்தேரி மலையில் மூங்கில் படலுக்கு மண் பூசிப் புல் வேய்ந்த பழைய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை அவை நம்முடைய கல்வீடுகளைவிட மேலானவை என்பதில் ஐயமே இல்லை. கச்சு நாட்டில் "புங்கா" என்று வட்டமான மண் வீடுகள் உண்டு. 2001இல் குஜராத்தில் பூகம்பம் வந்தபோது முறையாகக் கட்டிய புங்காக்கள் பலவும் நின்றன. அவற்றுக்கு மூலை இல்லை, தலையில் பாரம் இல்லை. அதே பூகம்பத்தில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் கான்கிரீட் மாடிக் கட்டடங்கள் சில நொறுங்கின. கான்கிரீட் என்ற பெயரே காவல் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கட்டடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நிலத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்று உழவர்கள் எண்ணலாம். கில்லாரியில் நிலத்துக்கு நேர்ந்த சேதம் வியப்பளிக்கும் அளவுக்குச் சிறியது. வயல்களின் நடுவே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு, விட்டுவிட்டு, நிலம் ஒரு வரப்பைப் போல உயர்ந்து வெடித்திருந்தது. அவ்வளவுதான். விதைத்த பயிர் நின்றது, விதைத்தவர்கள் இல்லை.

நிலமே கெட்டுப்போன பூகம்பம் வேறு. 1934 ஜனவரி 15ஆம் நாள் பிற்பகலில் வடபீகாரைக் குலைத்ததே, அது அத்தகையது. கங்கைச் சமவெளியின் ஈர மணல் குலுங்கியபோது கூழாக இளகியது. வயல்களில் ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்து நீரும் மணலும் பீறிட்டன. விளைநிலம் மணலால் மூடப்பட்டது. கிணறுகள் மணலால் தூர்ந்தன. சர்க்கரை ஆலைகள் இடிந்தபடியால் வெட்டுக்கு நின்ற கரும்பை ஆட்ட வழியில்லாமல் போயிற்று. இராஜேந்திர பிரசாத் சிறையிலிருந்து வெளிவந்து நிவாரண வேலையைத் தாங்கினார். அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று பேசினார். தாகூர் அதை ஏற்கவில்லை. இயற்கையின் நிகழ்ச்சிக்கு அறநெறிக் காரணம் கற்பிக்கலாகாது என்று மறுத்தார். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தம்முடைய "ஹரிஜன்" இதழிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார். தீண்டாமை பாவம் என்பதில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. பூகம்பத்தின் காரணம் பற்றி மட்டும் கேட்டால், என் ஓட்டு தாகூருக்கே.

நம்மிடம் கங்கைச் சமவெளியின் ஆழ்ந்த மணல் இல்லை. கரும்பாறைக்கு மேல் சில அடி செம்மண்ணும் சுக்கானும் உள்ள பூமியில் நிலம் கூழாகும் அச்சம் பொதுவாகக் குறைவு. தென்பெண்ணைக் கரையிலும் பழைய ஏரிகளின் வண்டல் படுகையிலும் வீடு கட்டுகிறவர்கள் மட்டும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். எனக்கு அதிகக் கவலை தருபவை நம்முடைய ஏரிக்கரைகள். 2001 குஜராத் பூகம்பத்தில் கச்சு மாவட்டத்து மண் அணைகள் பல சேதமடைந்தன. சாங், தாப்பர், ருத்ரமாதா முதலியவை அவற்றுள் சில. கரையின் அடியில் இருந்த ஈர மண் இளகியபடியால் நீர்ப்பக்கத்துச் சரிவு வழுக்கி இறங்கியது. கரையின் தலையில் நீளவாட்டில் வெடிப்புகள் ஓடின. அந்த ஆண்டுகளில் அங்கே மழை குறைவு. நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் வறண்டு கிடந்தன. கச்சு மக்கள் சபித்துக்கொண்டிருந்த பஞ்சமே அன்று அவர்களை வெள்ளத்திலிருந்து காத்தது. நம் ஏரிக்கரைகளில் எலி வளையும் வேலிக்கருவை வேரும் மலிந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். கரையைத் திருத்துவதற்குப் பூகம்பத்தைக் காரணம் காட்ட வேண்டியதில்லை, மழை ஒன்றே போதும். ஆனால் அதே வேலை இரண்டுக்கும் உதவும்.

திறந்த கிணறுகளைப் பற்றியும் ஒரு சொல். கல் உதிரும் நிலையில் உள்ள பழைய கிணற்றுக் கட்டின் ஓரத்தில் பம்புசெட்டு அறையை எழுப்புவது நல்லதன்று. அது ஆடினால் அறையும் மோட்டாரும் கிணற்றுக்குள்தான். மலைச்சாலைகளில் தொப்பூர்க் கணவாயிலும் வத்தல்மலைப் பாதையிலும் சரிவில் தொற்றி நிற்கும் உருண்டைப் பாறைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆசிரியனாக வாழ்ந்தவன் என்ற முறையில் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2001 ஜனவரி 26, குடியரசு நாள். காலை எட்டே முக்கால் மணி அளவில் குஜராத்தின் அஞ்சார் நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கொடியேந்தி ஒடுங்கிய தெரு ஒன்றின் வழியே அணிவகுத்துச் சென்றுகொண்டிருந்தார்கள். இருபுறத்து வீடுகளும் அவர்கள்மேல் விழுந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. அவர்கள் எந்தக் கட்டடத்துக்குள்ளும் இல்லை. வெட்டவெளியில், தெருவில் இருந்தார்கள். ஆகவே "வெளியே ஓடு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. வெளியே எங்கே என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நம் கிராமப் பள்ளிகளில் விளையாட்டு மைதானம் என்று ஒரு திறந்தவெளி பெரும்பாலும் உண்டு. அதற்குப் போகும் வழியில் சாய்ந்த சுற்றுச்சுவர் நிற்கிறதா, மாடிக் கைப்பிடிச் சுவர் வெடித்திருக்கிறதா, பழைய சமையற்கூடம் இடிந்து கிடக்கிறதா என்று பார்ப்பதற்குத் தலைமையாசிரியருக்கு அரைமணி நேரம் போதும். சுற்றுச்சுவர் விழுவதற்குப் பூகம்பம்கூட வேண்டியதில்லை. ஐப்பசி மழையே போதும் என்பதை ஆண்டுதோறும் படிக்கிறோம்.

இனி, செய்யக்கூடியது என்ன? பூகம்பம் எப்போது வரும் என்று நாள் குறித்துச் சொல்ல வல்லவர் இன்று உலகில் எவரும் இல்லர். நம் கையில் இருப்பது சுவர் ஒன்றே. சுவரைத் திருத்தினால் பயன் உண்டு என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள பலுசிஸ்தானத்தில் 1931இல் ஒரு பூகம்பம் வந்தது. அதன் பிறகு எஸ். எல். குமார் என்னும் இளம் ரயில்வேப் பொறியாளர், செங்கல் சுவருக்குள் பழைய தண்டவாள இரும்பைச் சட்டமாக வைத்துக் குவெட்டாவில் ரயில்வேக் குடியிருப்புகள் கட்டுவித்தார். 1935 மே 31ஆம் நாள் குவெட்டா நகரம் தரைமட்டமானபோது அந்தக் குடியிருப்புகள் நின்றன. பிற்காலத்தில் ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தின் ஆனந்த் ஸ்வரூப் ஆர்யா போன்றவர்கள், இரும்புச் சட்டத்துக்கு வசதியில்லாத கிராமத்து மண் சுவருக்கும் கல் சுவருக்கும் ஏற்ற எளிய முறைகளை வகுப்பதில் வாழ்நாளைச் செலவிட்டார்கள். இத்தகைய முறைகள் 1993இல் இந்தியத் தரநிலைகளாகவும் வெளிவந்தன. கில்லாரி விழுந்த அதே ஆண்டு.

அவற்றின் சாரத்தைக் கொத்தனார் மொழியில் சொல்லிவிடலாம். கல் சுவரின் கனம் ஒன்றரையடிக்கு மேல் வேண்டாம். கனம் கூடக்கூட நடுவில் குப்பைதான் கூடும். ஒவ்வோர் இரண்டடி உயரத்துக்கும், நாலடிக்கு ஒன்றாக, சுவரின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை எட்டுகிற நீளக்கல் ஒன்றை ஊடே வைக்க வேண்டும். அதுதான் இரு முகத்தையும் கோக்கும் ஆணி. மூலைகளிலும் நீளக்கல்லை மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். வாசலும் சன்னலும் மூலையை விட்டு இரண்டடியாவது தள்ளியிருக்க வேண்டும். வாசற்படிக்கு மேலே லிண்டல் மட்டத்தில், வீட்டின் நான்கு சுவரையும் அரைஞாண் கட்டியதுபோல் சுற்றி ஓடும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஒன்று வேண்டும். நம் பக்கத்தில் லிண்டலை வாசலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் துண்டுகளை ஒன்றாக இணைப்பதற்கு ஆகும் செலவு, வாசலில் ஒட்டுகிற பளபளப்பான ஓட்டுக்கு ஆகும் செலவைவிடப் பெரிதாக இராது.

பழைய வீட்டையும் காக்கலாம். மராட்டியத்தில் உலக வங்கியின் உதவியோடு நடந்த புனரமைப்பு வேலையில், முற்றிலும் அழிந்த 52 ஊர்களை வேறிடத்தில் புதிதாகக் கட்டினார்கள். இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இருந்த இடத்திலேயே திருத்தி வலுப்படுத்தினார்கள். சுவரில் இடையிடையே ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்து, மறுமுகம் வரை துளை செய்து, கொக்கியாக வளைத்த கம்பியை வைத்துக் கான்கிரீட் நிரப்பினால் அதுவே ஊடுகல் ஆகிறது. கூரைமேல் தேவைக்கு அதிகமாகக் கிடந்த மண்ணைச் சுரண்டி இறக்கினார்கள். என்னைக் கேட்டால், புதிய ஊர்களைவிட இந்த இரண்டாவது வேலைதான் சிறந்தது என்பேன். புதிய ஊர்களை நகரத்துக் குடியிருப்புப் போல நேர்கோட்டுத் தெருக்களாக வகுத்தார்கள். மாடு கட்ட இடம் இல்லை, காடு தொலைவு, தெருத்திண்ணையில் உட்கார்ந்து பேசும் வழக்கத்துக்கு வழியில்லை என்று மக்கள் குறைபட்டார்கள்.

நம் மாவட்டத்தில் இப்போது நடந்துவரும் ஒரு மாற்றத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியது என் கடமை. பிள்ளைகள் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். பெற்றோர் பழைய ஓட்டைப் பிரித்துவிட்டு, பழைய மண் சாந்துச் சுவரின்மேலேயே கான்கிரீட் தளம் போட்டுக்கொள்கிறார்கள். ஒழுகாத வீடு வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு நாலங்குலத் தளம் போட்டால் ஏறக்குறைய மூன்று டன் பாரம் சுவரின் தலையில் ஏறுகிறது. முன்பு இருந்த மங்களூர் ஓட்டுக்கூரை ஒரு டன்கூட இராது. கில்லாரிக்காரர்கள் மூன்று தலைமுறையாக ஏற்றிய பாரத்தில் ஒரு பங்கை நாம் ஒரே நாளில் ஏற்றிவிடுகிறோம். கீழே உள்ள சுவர் அதே பழைய சுவர். தளம் வேண்டும் என்றால் முதலில் தூண் எழுப்பித் தூண்களின்மேல் போட வேண்டும். அதற்குப் பணம் போதாது என்றால், ஓட்டையே மாற்றி வேய்ந்து, மிச்சத்தில் சுவரைத் திருத்துவதே அறிவு.

மாசி பங்குனியில், மழைக்கு முன்னதாக, கூரையைப் பிரித்து உடைந்த ஓட்டையும் உளுத்த கைமரத்தையும் மாற்றும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. சுவரின் தலை வெளியே தெரிவது அந்தச் சில நாள்களில்தான். அப்போது சுவரின்மேல் நான்கு புறமும் ஓடுமாறு பட்டை ஒன்று கட்டிக் கைமரங்களை அதனோடு பிணைத்துவிடலாம். வயிறு பிதுங்கிய இடங்களில் கல்லைப் பிரித்து நீளக்கல் வைத்துக் கட்டலாம். கொத்தனாருக்கு நாலைந்து நாள் கூடுதல் கூலி, சில மூட்டை சிமென்ட், கொஞ்சம் கம்பி. மறுபடி ஓடு வேய்ந்துவிட்டால், அடுத்த முறை கூரை பிரிக்கும் வரையில் அந்தச் சுவரின் தலையைத் தொட முடியாது.